இறைபணிக் கல்வியின் இறுதிப் படி

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை நோக்கிச் செல்லும் வீதியில் ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தூரத்தில் சுன்னாகம் என்னும் ஊர் இருக்கின்றது. செம்மண் தோட்டங்களும், வெங்காயமும் வாழைக்குலையும் குவியும் சந்தையும் அவ்வூருக்குப் பெயர் தந்தவை. கல்வியிலும் அவ்வூர் பின்னிற்கவில்லை. தமிழறிஞர் குமாரசுவாமிப் புலவர் 1854ஆம் ஆண்டிற் பிறந்தது அங்கேதான். அதன் அயலிலுள்ள மருதனார்மடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டிலே பெண்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவினார். அதே மருதனார்மடத்தில், வழிபாட்டையும் ஊர்ப்பணியையும் ஒருங்கே கொண்ட கிறிஸ்தசேவ ஆச்சிரமம் 1939ஆம் ஆண்டிலே தோன்றியது. கற்றலும் தொண்டும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்ந்த அந்தச் சூழலிலே ஒரு சிறிய திருச்சபையின் போதகனாகப் பல ஆண்டுகள் பணியாற்றும் பேறு எனக்குக் கிடைத்தது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், இறைபணிக் கலாநிதி என்னும் பட்டத்துக்குரிய இறுதிச் செயற்றிட்டம். இதென்ன, சமயப் போதகர்களுக்கு மட்டும் உரிய பொருளாயிற்றே என்று நேயர்கள் எண்ணுதல் கூடும். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். ஆசிரியராயினும், மருத்துவராயினும், கிராமத் தொண்டராயினும், கற்றதை ஊருக்குக் கொண்டுசெல்ல முயன்ற எவருக்கும் இது தம் கதையே எனத் தோன்றும்.

கலாநிதிப் பட்டம் என்றவுடன், நூல்நிலையத்தில் ஆண்டுக்கணக்காக அமர்ந்து, ஒருவரும் முன்னர் அறியாத ஓர் உண்மையைக் கண்டு, அதனை ஏடாக்கி அளிப்பதே நம் நினைவுக்கு வரும். அத்தகைய ஆராய்ச்சிப் பட்டம் இறையியல் துறையிலும் உண்டு. இறைபணிக் கலாநிதி என்பது வேறு வகையைச் சார்ந்தது. அமெரிக்க நாட்டின் இறையியற் கல்லூரிகளில் 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் வேரூன்றிய இப்பட்டம் பின்னர் ஆசிய நாடுகளுக்கும் பரவியது. ஏற்கெனவே பயிற்சி பெற்றுச் சில ஆண்டுகளாவது சபைப் பணியில் ஈடுபட்டவர்களே இதற்குச் சேர்த்துக்கொள்ளப்படுவர். அவர்கள் தம் பணியை விட்டு விலகாமலே பயில்வர். பாடங்கள் முடிந்தபின் வருவதே இறுதிச் செயற்றிட்டம்.

அதன் முறைமையைச் சுருக்கிச் சொல்வேன். போதகர் தாம் பணிபுரியும் இடத்திலே உண்மையான ஒரு குறையை இனங்காண வேண்டும். அக்குறையைப் பற்றித் திருமறையும் திருச்சபை மரபும் என்ன கூறுகின்றன என்று சிந்திக்க வேண்டும். பின்னர் அதனைப் போக்க ஒரு வழியை வகுத்து, அவ்வழியை மக்களோடு சேர்ந்து நடத்திப் பார்க்க வேண்டும். விளைந்ததையும் விளையாததையும் மதிப்பிட வேண்டும். இவை யாவற்றையும் எழுதி அளித்து, தேர்வாளர் முன்னிலையில் அமர்ந்து வினாக்களுக்கு விடை பகர வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முதுமொழி. சுரைக்காயை ஏட்டிலும் எழுதி, கறியும் ஆக்கிக் காட்டு என்று கேட்கின்ற கல்வி இது எனலாம்.

கேட்பதற்கு எளிதாயிருக்கின்றது அல்லவா? எனக்கும் அவ்வாறே தோன்றிற்று. 2014ஆம் ஆண்டில் என் செயற்றிட்டத்துக்கான முன்வரைவை எழுதினேன். எங்கள் ஊரிலே குறையைத் தேடி அலைய வேண்டியதில்லை. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் பிள்ளைகள் கனடாவுக்கும் இலண்டனுக்கும் பிரான்சுக்கும் போய்விட்டார்கள். பெரிய வீடுகளிலே தாயோ தந்தையோ தனித்திருந்தார்கள். பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள், தொலைபேசியிற் பேசினார்கள், ஆயினும் மாலையில் விளக்கேற்றிய பின் அந்த வீடுகளிலே பேச்சொலி கேட்பதில்லை. ஆகவே, தனித்து வாழும் முதியோருக்கு மன ஆறுதல் அளித்தல் என்பதையே என் பொருளாகக் கொண்டேன். சபை இளைஞரைப் பயிற்றி, வாரந்தோறும் முதியோரைச் சந்தித்து, வேதம் வாசித்துச் செபிக்கச் செய்வது என் திட்டம். நாற்பது வினாக்களைக் கொண்ட ஒரு வினாக்கொத்தையும் ஆயத்தம் செய்தேன். தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் அதே வினாக்களைக் கேட்டு, தனிமையுணர்வு எவ்வளவு குறைந்தது என்று அளவிடுவது என் எண்ணம். என் மேற்பார்வையாளரும் முன்வரைவை ஏற்றுக்கொண்டார்.

முதலாவதாக நான் சென்றது ஓர் ஒழுங்கையின் கோடியிலுள்ள வீட்டுக்கு. அங்கே எண்பது வயதை அணுகிய ஆச்சி ஒருவர் தனியே இருந்தார். படலையைத் திறந்து விறாந்தையிலே அமர்ந்து, வினாக்கொத்தை விரித்தேன். தனிமையாயிருக்கின்றேன் என்ற எண்ணம் வாரத்திலே எத்தனை நாள் வருகின்றது என்பது மூன்றாவது வினா. ஆச்சி என்னைப் பார்த்தார். "ஐயா, உங்கடை கேள்வியளுக்குப் பிறகு பதில் சொல்லுறன். முதல் அந்தக் கிணத்தை ஒருக்கா எட்டிப் பாருங்கோ" என்றார்.

நான் எழுந்து கிணற்றடிக்குச் சென்றேன். நீரின் மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தது. வாளியால் அள்ளியபோது மூக்கைத் துளைக்கும் நாற்றம் வீசியது.

நேயர்களே, யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கற் பாறைகளின் வெடிப்புகளினூடே இறங்கி நிலத்தடியிலே தேங்குகின்றது. அந்நீரே குடிநீர், அதுவே தோட்டத்துக்குரிய நீர். பாறையின் வெடிப்புகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருப்பதனால், ஓரிடத்திற் சிந்தியது ஓரிடத்தில் நில்லாது. மின்னுற்பத்தி நிலையமொன்றின் கழிவெண்ணெய் சுன்னாகப் பகுதியின் நிலத்தடி நீரிலே கலந்ததைப் பற்றிய துயரம் அந்த ஆண்டுகளில் ஊரெங்கும் பேசப்பட்டது. அது குறித்த வழக்கில் இலங்கை உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது. ஆனால் நான் ஆச்சியின் கிணற்றை எட்டிப் பார்த்த நாளிலே தீர்ப்பும் இல்லை, இழப்பீடும் இல்லை. வீதியோரத்தில் வைத்த தாங்கியிலே பவுசர் வண்டி வந்து நீர் நிரப்பிச் செல்லும். கைகால் உரமுள்ளவர்கள் கலன்களிலே பிடித்துச் செல்வார்கள். ஆச்சியோ ஒரு சிறு செம்பிலே நாளொன்றுக்கு நாலைந்து தடவை நடந்து நீர் கொண்டுவந்தார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நானும் அவ்வூரிலேதான் இருந்தேன். கிணறுகளைப் பற்றிய செய்தி எனக்குத் தெரியாததன்று. ஆயினும், நீர் என்பது பொதுக் காரியம், தனிமை என்பதே போதகனின் காரியம் என்று நானாக ஒரு வேலியை அடைத்திருந்தேன். ஆச்சிக்கு அந்த வேலி இல்லை. கிணறு கெட்டபின் கிணற்றடிக்கு வரும் அயலவர் வருவதில்லை, நீர் கேட்டு வருவோரும் இல்லை, தோய வருவோரும் இல்லை. நீர் போனதோடு பேச்சுத்துணையும் போயிற்று. தனிமையைப் பற்றி நான் கேட்ட வினாவுக்கு அவர் தந்த விடை அந்தக் கிணறே. அதை விளங்கிக்கொள்ள எனக்கு ஓர் இரவு வேண்டியிருந்தது.

திட்டத்தை மாற்றினேன். மேற்பார்வையாளருக்குக் கடிதம் எழுதியபோது, ஏற்றுக்கொண்ட முன்வரைவை மாற்றுவதற்கு அஞ்சினேன் என்பதை ஒளிக்க மாட்டேன். காலமும் பணமும் வீணாகுமே என்ற கவலை ஒருபுறம், இது சமூகசேவை, இறைபணி ஆய்வாகுமா என்று தேர்வாளர் கேட்பார்களே என்ற கவலை மறுபுறம். அவர் எழுதிய பதில் சுருக்கமானது. வழியிலே அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியனின் கதையைக் குறிப்பிட்டு, அவன் முதலிற் செய்தது காயத்தைக் கட்டியது என்பதை நினைவுபடுத்தியிருந்தார்.

புதிய திட்டம் இதுதான். ஒழுங்கைகள் தோறும் இளைஞர் முறைவைத்து முதியோரின் வீடுகளுக்கு நீர் கொண்டுசெல்ல வேண்டும். கலனை இறக்கிவைத்துவிட்டு உடனே திரும்பாமல், அரைமணி நேரமாவது விறாந்தையில் அமர்ந்து பேச வேண்டும். எங்கள் சபையார் சிலரே, அயலவரிற் பெரும்பாலோர் சைவர்கள். ஆகவே சபை இளைஞரோடு அயலிலுள்ள சைவ இளைஞரையும் அழைத்தோம். அப்போது ஒரு பெரியவர் நேர்முகமாகவே என்னைக் கேட்டார், "தண்ணியைத் தந்து பிறகு சமயத்தையும் தாறதுக்கோ இந்த ஏற்பாடு?" என்று. அந்த வினாவிலே நியாயம் இருந்தது. நம் நாட்டின் சமய வரலாற்றை அறிந்தவர் எவரும் அவ்வாறு கேட்கவே செய்வர். எனவே நாங்கள் எல்லோரும் கூடி மூன்று விதிகளை வகுத்தோம். கேட்டாலன்றி எவர் வீட்டிலும் செபிப்பதில்லை. எவரையும் படம் எடுப்பதில்லை. என் ஏட்டிலே எவருடைய பெயரையும், அடையாளம் காட்டும் செய்தியையும் எழுதுவதில்லை. மூன்றாவது விதியை எழுதும்போது, மக்களின் துயரம் நம் பட்டத்துக்குரிய மூலப்பொருள் அன்று என்பதை நான் முதன்முறையாக உணர்ந்தேன்.

எட்டு மாதங்கள் அவ்வேற்பாடு நன்கு நடந்தது. முதியோரின் கதைகளை இளைஞர் கேட்டனர். கொழும்புக்கு யாழ்தேவியிலே சென்ற கதைகளும், போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த கதைகளும் விறாந்தைகளிலே மீண்டும் ஒலித்தன. என் குறிப்பேடுகள் நிறைந்தன. இனி எழுதி முடிப்பதே மிச்சம் என்று எண்ணி, இரண்டு மாத விடுப்பு எடுத்துக்கொண்டு கொழும்புக்குச் சென்று அறையொன்றில் அமர்ந்தேன்.

இவ்விடத்திலே நான் வெட்கத்தோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திரும்பி வந்தபோது, ஒழுங்கைகள் பலவற்றில் ஏற்பாடு நின்றுபோயிருந்தது. ஆச்சி மீண்டும் செம்போடு நடந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டபோது குறை சொல்லவில்லை. "ஐயா இல்லையெண்டாப் பெடியளுக்கு ஆர் சொல்லுறது?" என்று மட்டும் கேட்டார். முறைப்பட்டியலை வைத்திருந்தவன் நான். இளைஞரை அழைத்தவன் நான். பவுசர் வராத நாளில் யாரிடம் முறையிடுவது என்பதை அறிந்தவனும் நானே. எல்லாவற்றையும் என் கையிலே வைத்துக்கொண்டு, ஊர் செய்கின்றது என்று ஏட்டிலே எழுதியிருந்தேன்.

அந்நேரம் என் ஏடு ஏறக்குறைய முடிந்திருந்தது. எட்டு மாத வெற்றியை எழுதி, இரண்டு மாதச் சரிவை விட்டுவிட்டிருந்தால், பட்டத்துக்கு ஒரு தடையும் இருந்திராது. கொழும்பிலிருந்த தேர்வாளர் ஒழுங்கைக்கு வந்து பார்க்கப்போவதில்லை. இறுதிச் செயற்றிட்டத்தின் உண்மையான சோதனை தேர்வு மண்டபத்திலன்று, இத்தகைய ஓரிரவிலேதான் நிகழ்கின்றது என்று இன்று எண்ணுகின்றேன். ஆச்சியின் செம்பு என் கண்முன் நின்றது. ஏட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு, ஓராண்டு கால நீடிப்புக்கு விண்ணப்பித்தேன்.

இவ்விடத்திலே நம் அயலில் நடந்த பழைய வரலாறு ஒன்றை நினைவுகூர்வது பொருந்தும். சுன்னாகத்துக்கு அண்மையிலுள்ள மானிப்பாயிலே மருத்துவப் பணி புரிந்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவரின் பெயர் யாழ்ப்பாணத்தார் அறிந்ததே. அவர் 1847ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தார். உள்ளூர் மாணவரை மருத்துவராகப் பயிற்றுவிக்கத் தொடங்கி, முதலிலே ஆங்கிலத்திற் கற்பித்தார். மாணவர் நன்கு கற்றனர். ஆனால் ஆங்கிலத்திலே தேர்ந்தவர்கள் அரசாங்க உத்தியோகங்களை நாடி ஊரை விட்டுப் போயினர். பயிற்சி வெற்றி, பயன் ஊருக்கு இல்லை. கிறீன் தம் வழியை மாற்றினார். 1864ஆம் ஆண்டளவிலே தமிழிற் கற்பிக்கத் தொடங்கினார். அதற்கென மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களை ஆக்கினார். 60க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் அவரிடம் பயின்று வெளியேறினர். 1873ஆம் ஆண்டிலே அவர் நாடு திரும்பினார். அவர் போனபின்னும் மருத்துவம் ஊரிலே நின்றது. ஏனெனில் அது ஊராரின் மொழியிலே ஊராரின் கையிலே இருந்தது.

கிறீன் கலாநிதிப் பட்டத்துக்காக அதைச் செய்யவில்லை. ஆயினும், இறைபணிக் கல்வியின் இறுதிப் படிக்கு அதனினும் சிறந்த எடுத்துக்காட்டை நான் அறியேன். செய்தார், பயன் தவறியதைக் கண்டார், ஒப்புக்கொண்டார், மாற்றினார், பிறர் கையிலே ஒப்படைத்துப் போனார்.

நானும் அவ்வழியைச் சிறிய அளவிலே பின்பற்ற முயன்றேன். முறைப்பட்டியலை ஒழுங்கைப் பெண்களிடம் கொடுத்தேன். அவர்கள் முதல் நாளிலேயே அதை மாற்றிவிட்டார்கள்! இளைஞர் தனியார் வகுப்புக்குச் செல்லும் நேரத்திலே நான் முறைவைத்திருந்தேனாம். அவர்கள் பள்ளிக்கூடம் செல்லும் வழியிலேயே கலனை வைத்துவிட்டு, மாலையில் திரும்பும்போது அமர்ந்து பேச ஏற்பாடு செய்தார்கள். சைவக் குடும்பத்துப் பெண்மணி ஒருவரே பட்டியலைப் பொறுப்பேற்றார். பவுசர் வராத நாளிலே யாரிடம் பேசுவது என்பதை எல்லார் வீட்டுச் சுவரிலும் எழுதி ஒட்டினார்கள். அடுத்த மூன்று மாதங்கள் நான் வேண்டுமென்றே விலகி நின்றேன். ஏற்பாடு நிற்கவில்லை. எல்லா ஒழுங்கைகளிலும் அது நிலைத்தது என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் தளர்ந்தது. அதையும் எழுதினேன்.

ஏடு ஆங்கிலத்திலே எழுதப்பட்டது. அந்த ஒழுங்கையிலே அதை வாசிக்கக்கூடியவர் எவருமில்லை. தேர்வாளரிடம் சமர்ப்பிப்பதற்கு முன்னர், அதன் சாரத்தைத் தமிழிலே பன்னிரண்டு பக்கங்களில் எழுதி, ஆச்சி வீட்டு விறாந்தையிலே அயலவரைக் கூட்டி வாசித்தேன். தேநீர் பரிமாறப்பட்டது. நான் பல்கலைக்கழக மண்டபத்திலும் அவ்வளவு நடுங்கியதில்லை. தனித்து வாழும் முதியோர் உதவி பெறுவோர் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். ஆச்சி கையை உயர்த்தி நிறுத்தினார். "பெறுறம் எண்டு மட்டும் எழுதாதேயுங்கோ, ஐயா. அந்தப் பெடியன் கணக்கிலை பிழை விடேக்கை திருத்தினது ஆர்? அதையும் எழுதுங்கோ" என்றார். அவர் இளமையிலே ஆசிரியையாயிருந்தவர். நீர் கொண்டுவந்த சிறுவனுக்கு விறாந்தையிலே கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தார். எட்டு மாதக் குறிப்பேட்டிலும் நான் அதைக் கவனிக்கவில்லை. கொடுப்பவர் இன்னார், பெறுபவர் இன்னார் என்று நான் பிரித்திருந்த கோடு அன்று அழிந்தது. அந்தத் திருத்தத்தை ஏட்டிலே சேர்த்தேன்.

பின்னர் வாய்மொழித் தேர்விலே, உமது செயற்றிட்டம் முடிந்ததென்று எதனைக் கொண்டு கூறுகின்றீர் என்று தேர்வாளர் ஒருவர் கேட்டார். நாற்பது வினாக்களின் அளவீட்டை நான் காட்டவில்லை. நான் மூன்று மாதம் விலகி நின்றபோதும் கலன்கள் உரிய வீடுகளுக்குச் சென்றன என்றேன். அவர் சற்றுநேரம் மௌனமாயிருந்து, அடுத்த வினாவுக்குச் சென்றார்.

இப்போது இத்தகைய செயற்றிட்டத்தைத் தொடங்கும் இளம் போதகர்கள் என்னிடம் வந்து, எப்படி விரைவாக முடிப்பது என்று கேட்பதுண்டு. நான் அவர்களுக்குச் சொல்வது சில வார்த்தைகளே. பொருளைத் தெரிவுசெய்யுமுன், ஊராரிடம் சென்று கேளுங்கள். அவர்கள் தரும் விடை உங்கள் வினாவுக்குப் பொருந்தாவிட்டால், வினாவை மாற்றுங்கள். எழுதுவதற்காக விலகும் காலத்தை இறுதிக்கு வைக்காதீர்கள். நடுவிலே ஒருமுறை விலகிப் பாருங்கள், நீங்கள் இல்லாதபோது எது நிற்கின்றது என்பது தெரியும். தவறியதை ஒளிக்காதீர்கள். பின்வரும் ஒருவருக்கு உங்கள் வெற்றியைவிட உங்கள் தவறே பெரிதும் பயன்படலாம். முடிவிலே, எவரைப் பற்றி எழுதினீர்களோ அவர்களுக்கு அவர்களின் மொழியிலே வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்தினால், அத்திருத்தத்தைத் தலைமேற்கொள்ளுங்கள்.

ஆச்சி இன்று உயிரோடில்லை. பட்டம் பெற்ற செய்தியைச் சொல்ல நான் அவரிடம் சென்றபோது, சான்றிதழை வாங்கிப் பார்த்தார், என் பெயரின் எழுத்துகளைச் சரிபார்த்தார், மடித்துத் தந்தார். பின்னர், உள்ளே போய் ஒரு செம்பு நீர் கொண்டுவந்து எனக்குக் குடிக்கத் தந்தார். அன்று காலை அந்தச் சிறுவன் கொண்டுவந்து வைத்த நீர் அது. என் செயற்றிட்டம் நிறைவுற்றது அந்த விறாந்தையிலேதான் என்று இன்றுவரை நான் நம்புகின்றேன்.